தருமபுரியா, கிருஷ்ணகிரியா, ஓசூரா? ஊர்ப் பேரை நம்பி மனை வாங்கலாமா?

போன மாதம் பாலக்கோடு பக்கத்துத் தம்பி ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. மனைவி தருமபுரியில் நர்ஸ். அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள். சேமிப்பு, மனைவியின் நகை, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்தால் ஒரு சின்ன வீடு வாங்கலாம். எந்த ஊரில் வாங்குவது என்பதில்தான் வீட்டுக்குள் மூன்று கட்சி.

"அப்பா தருமபுரிங்கிறார் சார். மாமனார், 'அது பேர் கெட்ட ஊரு, நாளைக்குப் பேத்திய எங்க கட்டிக் குடுப்பீங்க'ங்கிறார். நான் ஓசூர்னு நெனச்சேன். 'அங்க தெனம் ஒரு கொலை'ன்னு அம்மா அழுவுது. எதுங்க சார் நல்ல ஊரு?"

கிருஷ்ணகிரியில் இருபத்தெட்டு வருஷமாக ஆவண எழுத்தர் வேலை பார்க்கிறேன். கிரயப் பத்திரம் எழுதும்போது மனையின் நான்கு எல்லை சொல்லத் தெரிந்தவர்கள்கூட, அந்த ஊரைப் பற்றிச் சொல்லும்போது யாரோ எப்போதோ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பை அதன்மேல் கட்டுகிறார்கள். இதே கேள்வியோடு நிறையப் பேர் வருவதால், அந்தத் தம்பிக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அளவுகோல்

மூன்று ஊரையும் ஒரே கோலால் அளக்க வேண்டும். நான் கேட்கச் சொல்வது ஐந்து விஷயம்.

ஒன்று, அந்த ஊரைப் பற்றிய பேச்சு எந்த வருஷத்துப் பேச்சு? இரண்டு, அதைச் சொல்பவர் எவ்வளவு தூரத்திலிருந்து சொல்கிறார், அந்தப் பேச்சால் அவருக்கு என்ன லாபம்? மூன்று, செய்தியில் வராத சேதம் அங்கே என்ன? தண்ணீர், சாலை, பக்கத்து மனையில் இருக்கும் கிடங்கு, இதெல்லாம். நான்கு, இரவு ஒன்பது மணிக்குப் பஸ் இறங்கும் பெண் யார் துணையும் இல்லாமல் வீடு போய்ச் சேர முடிகிறதா? ஐந்து, விலைக்கு மேல் என்ன செலவு வரும், திரும்ப விற்க நேர்ந்தால் என்ன ஆகும்?

இதில் முதல் இரண்டைத்தான் யாரும் கேட்பதில்லை. அதனால் அதைப் பற்றி முதலில்.

பட்டா மாறாத பேர்

நிலம் கைமாறி இருபது வருஷம் ஆகியிருக்கும். கிரயம் முறையாக நடந்திருக்கும். பட்டா மட்டும் பழைய ஆள் பேரிலேயே கிடக்கும். பேர் மாற்றத்துக்கு யாரும் மனுக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஊர்களின் பேரும் அப்படித்தான் கிடக்கிறது.

நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் அந்த நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்தபோது, ஆட்குறைப்பை எதிர்த்த காவலர் சங்கங்கள் மண்டையோட்டுப் படம் போட்ட துண்டறிக்கை அச்சடித்தன. சுரங்க ரயிலில் ஏறாதீர்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் நடக்காதீர்கள் என்று வெளியூர்ப் பயணிகளுக்குச் சொன்ன அறிக்கை அது. ஊர் ஆபத்தான நிலையில் இருந்தது உண்மை. அந்தப் பயத்தை அச்சடித்துப் பரப்பியவர்களுக்கு அதில் ஒரு காரியம் இருந்ததும் உண்மை. 1990-ல் அங்கே ஒரே வருஷத்தில் 2,245 கொலைகள். 2017-ல் 292. இவ்வளவு குறைந்த பிறகும் 'அங்கே ராத்திரியில் வெளியே போகக்கூடாதாமே' என்ற பேச்சு பல வருஷம் ஓடியது.

டெட்ராய்ட் இதற்கு நேர்மாறு. கார் ஆலைகளின் தலைநகர் என்று உலகமே அதைக் கொண்டாடிய காலத்திலேயே சரிவு தொடங்கிவிட்டது. 1950-ல் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் எண்ணிக்கை இறங்கியது. 2010-ல் ஏறக்குறைய 7.1 லட்சம். 2013-ல் நகரமே திவால் மனுப் போட்டது. நல்ல பேரை நம்பி 1955-ல் அங்கே வீடு வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். பிறகு கெட்ட பேர் வந்து ஒட்டிக்கொண்டது. 2023-ல் அங்கே நடந்த கொலைகள் 252, ஐம்பது வருஷத்துக்கு மேல் காணாத குறைவு. பேர் இன்னும் முழுதாக மாறவில்லை.

நல்ல பேரும் கெட்ட பேரும் ஊருக்குப் பின்னால் தாமதமாகத்தான் வருகின்றன. தாமதம் சில ஊருக்குக் குறைவு, சில ஊருக்கு அதிகம். 1994-ல் பிளேக் வந்து சூரத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஓடினார்கள். அடுத்த சில வருஷங்களில் அது சுத்தமான ஊர் என்று பேரெடுத்தது. 2023-க்கான தூய்மைக் கணக்கெடுப்பில் இந்தோருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேரைப் பறிகொடுத்த கோயம்புத்தூருக்குப் போக இன்றைக்கு யார் தயங்குகிறார்கள்? இரண்டும் வியாபார ஊர்கள். தினமும் வெளியூர்க்காரன் வருகிறான், கண்ணால் பார்க்கிறான், திரும்பிப் போய்ப் புதுச் செய்தி சொல்கிறான். வெளியாள் அதிகம் வராத ஊருக்கு அந்த வழி இல்லை. நம் தருமபுரியின் சிக்கல் அதுதான். இங்கிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரமாயிரம். ஒகேனக்கல் அருவியைத் தவிர இங்கே வந்து பார்ப்பவர்கள் கொஞ்சம்தான்.

தூரத்தைப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவில் கேலப் நிறுவனம் வருஷாவருஷம் கருத்துக் கணிப்பு எடுக்கிறது. நாட்டில் குற்றம் கூடிவிட்டது என்று சொல்பவர்கள்தான் பெரும்பாலான வருஷங்களில் அதிகம், குற்றம் இறங்கிய வருஷங்களிலும்கூட. உங்கள் பகுதியில் எப்படி என்று கேட்டால் அப்படிச் சொல்வோர் குறைந்துவிடுகிறார்கள். இங்கேயும் அதேதான். சென்னைக்காரர் "தருமபுரியா?" என்பார். தருமபுரிக்காரர் "பென்னாகரம் பக்கமா?" என்பார். பென்னாகரத்தில் கேட்டால் மலையோர ஊர் ஒன்றைக் கை காட்டுவார்கள். அந்த மலையோர ஊரில் ஒரு பாட்டி திண்ணையில் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்.

தருமபுரி

மூன்றில் அதிகப் பேச்சுக்கு ஆளான ஊர் இது. என் சொந்த ஊரும் இந்த மாவட்டம்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

*பேர் எந்த வருஷத்தது?* 1980 வாக்கில் நக்சல் பேர். பிறகு வீரப்பன் பேர். 2000 பிப்ரவரி 2 அன்று இலக்கியம்பட்டியில் கல்லூரிப் பேருந்துக்குத் தீ வைத்ததில் மூன்று மாணவிகள் கருகி இறந்தார்கள். பெண் சிசுக்கொலை மாவட்டம் என்ற பேரும் இருந்தது. 1997-ல் என் தங்கைக்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தியது. பெண் பார்க்க வந்த பெரியவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டே, "ராத்திரியில இந்தப் பக்கம் பஸ் ஓடுமாங்க?" என்று கேட்டார். திரும்பிப் போனவர்கள் பதில் சொல்லவே இல்லை. அவர் கேட்டது நல்ல எண்ணத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு என் அம்மா சமையலறையில் உட்கார்ந்து அழுதது மறக்கவில்லை.

2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபது வருஷம் தாண்டிவிட்டது. பாப்பாரப்பட்டி என்றதும் வெளியூர்க்காரருக்கு இன்றும் அதுதான் நினைவுக்கு வருகிறது. சுப்பிரமணிய சிவா பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்பக் கனவு கண்டதும், 1925-ல் உயிர் விட்டதும் அதே பாப்பாரப்பட்டியில்தான். ஒரே மண்ணுக்கு இரண்டு பேர் உண்டு. எது ஒட்டும் என்பதைச் சத்தம் முடிவு செய்திருக்கிறது.

பேர் தவறான ஆள்மேல் விழுவதற்கு வாச்சாத்தியைவிடப் பெரிய சாட்சி இல்லை. சந்தனக் கடத்தல் கிராமம் என்று சொல்லித்தான் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அரூர் வட்டத்து அந்த மலையடிவார ஊருக்குள் நுழைந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கில் சிக்கியவர்கள் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவானது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குற்றவாளி ஊர் என்று முப்பத்தொரு வருஷம் சுமந்தவர்கள், உண்மையில் குற்றத்துக்கு ஆளானவர்கள். 'கெட்ட ஊர்' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ஊர்தான் முதலில் நினைவுக்கு வரும்.

*இப்போது எப்படி?* ஒரு எண்ணை மட்டும் சொல்கிறேன். ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 2001-ல் இந்த மாவட்டத்தில் 826 பெண் குழந்தைகள்தான். 2011-ல் அது 913. நிறைவான எண் அல்ல. ஆனால் பத்தே வருஷத்தில் ஒரு மாவட்டம் இவ்வளவு தூரம் ஏறி வந்ததை யார் பேசினார்கள்? 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதன் மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. வயதான பெற்றோர் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

*ஆறாத புண்.* 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. சாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்துக்காக. இதைப் பழைய பேர் என்று தள்ள என்னால் முடியாது. மனையின் விலையைச் சொல்வதற்கு முன்னால் "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்கும் விற்பனையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். தருமபுரியில் மட்டும் இல்லை, மூன்று ஊரிலும் என் காதால் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்பவரிடம் வாங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. நாளைக்கு அவர்தான் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

*சத்தமில்லாத சேதம்.* தண்ணீர். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பத்திரப் பதிவின்போது கேமரா முன்னால் உட்காரும் சிலர் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார்கள். பல்லில் பழுப்புக் கோடு. ஆழ்துளைத் தண்ணீர் குடித்து வளர்ந்த தலைமுறை அது. சுமார் 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிய பிறகு காவிரித் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் வருகிறது. உங்கள் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டாக வேண்டும். அடுத்தது தொப்பூர்க் கணவாய். பிரேக் பிடிக்காத லாரியால் வண்டிகள் வரிசையாக மோதும் இடம் அது. சேலத்துக்குத் தினமும் போய்வர வேண்டியவர் வீரப்பனை நினைத்துப் பயந்த அளவில் பாதியாவது இந்த இறக்கத்தை நினைத்துப் பயப்பட வேண்டும்.

*யாருக்கு நல்லது?* தருமபுரியிலேயே வேலை உள்ளவர், பெற்றோரை உடன் வைத்துக்கொள்ள நினைப்பவர், குடியிருக்கவே வாங்குபவர். பழைய பேரால் விலை அடங்கிக் கிடக்கிறது. ஓசூரில் அரை மனைக்குப் போகும் பணத்தில் இங்கே பல தெருக்களில் கிணற்றடியோடு முழு மனை கிடைக்கும். சீக்கிரம் விற்று லாபம் பார்க்க நினைப்பவருக்கு இது சரிப்படாது. மொரப்பூர் ரயில் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். புரோக்கர்கள் அப்போதிருந்தே அந்த ரயிலை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி

*பேர் எந்த வருஷத்தது?* கெட்ட பேரும் பெரிதாக இல்லை, நல்ல பேரும் பெரிதாக இல்லை. மாங்காய், கிரானைட், டோல்கேட். 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்ததும் பழைய பேச்சு முழுவதையும் தருமபுரியிடம் விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்றே சொல்லலாம். அதே மலை, அதே சனம். கல்யாணத் தரகர்கள் 2004-க்குப் பிறகு "கிருஷ்ணகிரி மாவட்டங்க" என்று அழுத்திச் சொல்ல ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லைக்கோடு நகர்ந்ததில் பேர் மாறியது. ஊர் மாறவில்லை.

பேர் கெடவில்லை என்பதால் எல்லாம் சரி என்று ஆகாது. 2024 ஆகஸ்டில் பர்கூர் பக்கம் போலி என்.சி.சி. முகாம் நடத்திப் பள்ளிச் சிறுமிகளிடம் அத்துமீறியது வெளியே வந்தது. குழந்தைத் திருமணம் இரண்டு மாவட்டத்திலும் மலைப்பக்கம் இன்னும் நடக்கிறது. கொள்ளையும் கொலையும்தான் ஊரின் பேரைக் கெடுக்கின்றன. சிறுமிகளுக்கு நடப்பது பெரும்பாலும் கெடுப்பதில்லை. பெண் பிள்ளை வைத்திருப்பவர் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

*சத்தமில்லாத சேதம்.* 2023 ஜூலை 29 காலையில் பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அக்கம் பக்கத்துக் கட்டடங்களும் இடிந்தன. வில்லங்கச் சான்றில் மனையின் கடன் தெரியும், பக்கத்து ஷெட்டுக்குள் என்ன அடுக்கியிருக்கிறார்கள் என்பது தெரியாது. நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

*மறைந்த செலவு.* ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு குறுகிய பாதை வந்தது, அதையும் பிடுங்கிவிட்டார்கள். ஓசூருக்குத் தினமும் காரில் போனால் சுங்கச் சாவடிக் கட்டணம் மாதச் செலவாகவே நிற்கும். பஸ் என்றால் பிரச்சினை இல்லை. சென்னை, சேலம், பெங்களூரு, திருவண்ணாமலை எந்தப் பக்கம் போக வேண்டுமென்றாலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வண்டி உண்டு. நெடுஞ்சாலை ஊர் என்பதால் இரவில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் பஸ் நிலையத்தைச் சுற்றி இருக்கும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிய புது லேஅவுட்டில் இருக்காது.

*யாருக்கு நல்லது?* கணவன் ஓசூரிலும் மனைவி தருமபுரியிலும் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் சுமார் ஐம்பது கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் இதுதான் நியாயமாகத் தோன்றும். ஆனால் இரண்டு பேரும் தினம் நூறு கிலோமீட்டர் அலைவார்கள், குழந்தையை யார் பார்ப்பது? அந்தத் தம்பியிடம் இதைத்தான் கேட்டேன். நடுவில் இருப்பது என்பதற்காக மட்டும் ஒரு ஊரை எடுக்க வேண்டாம்.

ஓசூர்

*பேர் எந்த வருஷத்தது?* இங்கே ஒரே சமயத்தில் இரண்டு பேர் ஓடுகிறது. ஒன்று, தங்கம் விளையும் ஊர். 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து வளர்ந்த பேர். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், இப்போது கைபேசி உதிரிபாக ஆலைகள். 2019-ல் மாநகராட்சி ஆனது. இன்னொன்று, கைபேசியில் வரும் பேர். 2021 ஜனவரியில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் துப்பாக்கி முனையில் ஏறக்குறைய 25 கிலோ நகை போனது. மறுநாளே ஐதராபாத் பக்கம் ஆட்கள் பிடிபட்டார்கள். கொள்ளையை எல்லோரும் சொல்வார்கள், மறுநாளை யாரும் சொல்வதில்லை. 2024 நவம்பரில் நீதிமன்ற வளாகத்தின் அருகிலேயே ஒரு வழக்கறிஞர் வெட்டப்பட்ட வீடியோ வீடு வீடாகப் போனது. அந்தத் தம்பியின் அம்மா அதை எத்தனை முறை பார்த்தாரோ, அவருக்கு அத்தனை வெட்டு நடந்த மாதிரி இருந்திருக்கும்.

எண்ணிக்கை கூடியதா என்று பார்க்கும்போதும் கவனம் வேண்டும். கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல் நடந்தது. அதற்குப் பிறகு ஓசூருக்கு வந்து குடியேறியவர்களும், மூன்று ஷிப்டுக்கு வந்து போகும் வெளிமாநிலத்தவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. குற்றம் இன்றைய சனத்துக்கு, வகுப்பது அன்றைய தலைக்கணக்கால் என்றால் விகிதம் வீங்கித்தான் தெரியும். வளரும் ஊருக்கு எப்போதும் இந்த அநியாயம் நடக்கும்.

நல்ல பேரையும் இதே கண்ணோடு பாருங்கள். 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று முதல்வர் அறிவித்தார். அடுத்த வாரமே விலையைத் திருத்திக்கொண்டு வந்த தரகர்கள் என் மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு நிலையத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதை ஒருவரும் சொல்லவில்லை. நியூயார்க்கில் பயத்தை அச்சடித்தார்கள் என்றால் இங்கே ஆசையை அச்சடிக்கிறார்கள்.

*சத்தமில்லாத சேதம்.* பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் இறங்கி கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் மதகு திறந்தால் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்குத் திரண்டு தரைப்பாலத்தை மூடும். நாற்றம் தாங்காது. ஆற்றோரத்து லேஅவுட்டைக் கோடைக்காலத்தில் பார்த்துவிட்டு வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. காட்டோர மனை என்றால் யானை வரும் வழியா என்று அக்கம் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள்.

*மறைந்த செலவு.* பத்திரச் செலவு எல்லா ஊரிலும் ஒன்றுதான். முத்திரைத் தீர்வை, மாற்று வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 9 விழுக்காடு. முப்பது லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். ஆனால் ஓசூரில் விலையே பெரிது என்பதால் அந்த ஒன்பதும் பெரிது. ஒப்புதல் இல்லாத மனைப்பிரிவுகளும் இங்கே ஏராளம். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு போட்ட ஒப்புதலற்ற மனை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். டெட்ராய்டை நினைத்துச் சொல்கிறேன்: ஊரின் வாழ்வு முழுக்க ஆலைகளைச் சார்ந்திருந்தால், ஆலைகளின் கதை மாறும்போது வீட்டு விலையும் மாறும். ஓசூரில் ஒரே தொழில் இல்லை என்பது ஆறுதல்.

*யாருக்கு நல்லது?* ஆலையில் நிரந்தர வேலை உள்ளவர், பெங்களூருக்குப் போய்வருபவர், வாடகைக்கு விட நினைப்பவர். ஷிப்டு முடிந்து ஆயிரக்கணக்கான பெண்கள் இரவிலும் வந்துபோகும் சாலைகள் இங்கே உண்டு. அந்தச் சாலைகளைப் பொறுத்தவரை மூன்று ஊரிலும் இதுதான் இரவில் உயிரோட்டமான ஊர் என்பது என் அனுபவம். பெற்றோருக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்றால் மட்டும் கஷ்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் ஒரே தெருவில். கிராமத்திலிருந்து வரும் எழுபது வயது அம்மா யாரிடம் போய்ப் பேசும்?

ஒரே பார்வையில்

| கேள்வி | தருமபுரி | கிருஷ்ணகிரி | ஓசூர் |
|---|---|---|---|
| பேர் | கெட்டது, பெரும்பகுதி பழையது | பெரிதாக எதுவும் இல்லை | நல்லதும் கெட்டதும், இரண்டும் ஊதியது |
| விலை | அடங்கியது | நடுத்தரம் | உயர்ந்தது |
| பார்க்க வேண்டிய சேதம் | ஃபுளோரைடு, தொப்பூர் | கிடங்கு, குவாரி லாரி | நுரை, ஒப்புதலற்ற மனை |
| இரவில் பெண்கள் | தெருவைப் பொறுத்தது | பஸ் நிலையப் பக்கம் பரவாயில்லை | ஷிப்டு சாலைகளில் நடமாட்டம் உண்டு |
| திரும்ப விற்க | தாமதம் | சுமார் | வேகம், ஆனால் விலை ஆடும் |

வாங்காமல் ஒரு வருஷம்

நான்காவது வழியும் உண்டு. மனசு ஒப்பவில்லை என்றால் அந்த ஊரிலேயே ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். வாடகை வீண் என்று நினைக்க வேண்டாம். தவறான மனையின் பத்திரச் செலவைவிட அது குறைவு.

பேரை நீங்களே சரிபார்க்க

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கைகளைப் பார்க்கலாம். சில வகை வழக்குகள் அதில் வராது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஜனவரியில் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். எனவே டிசம்பர் கடைசியில் பதிவான எண்ணைப் பார்த்தால் அந்த நிலையத்தின் வருஷக் கணக்கு ஓரளவு தெரிந்துவிடும். மூன்று நான்கு வருஷம் ஒப்பிடுங்கள். எண் கூடினால் உடனே பயப்படாதீர்கள். புகாரை மறுக்காமல் வாங்கும் ஆய்வாளர் வந்தாலும் எண் கூடும். வழக்குப் பதியாமல், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடும் நிலையத்தில் எண் குறைந்துதான் தெரியும். அதனால் எண்ணைப் பார்த்த பிறகு அந்த நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். புகார் கொடுக்க வந்த பெண்கள் எவ்வளவு நேரம் வெளியே நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

அந்தத் தம்பிக்கு என் கருத்து தருமபுரி. மனைவிக்கு இரவுப் பணி உண்டு, மருத்துவமனைக்குப் பக்கம் வீடு இருந்தால் அலைச்சல் இல்லை. பெற்றோருக்குப் பாலக்கோடு பக்கம். ஓசூருக்கு ஒருவர் மட்டும் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகப் போய்வந்தால் போதும். மாமனாரின் பயத்தை மதிக்கச் சொன்னேன். 1997-ல் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த பெரியவரும் அப்படிப் பயந்தவர்தான். வாதாட வேண்டாம், ஒருநாள் ராத்திரி அவரையும் அழைத்துப் போங்கள் என்றேன்.

முந்தாநாள் போன் வந்தது. இரவுப் பணி இல்லாத ஒரு நாளில் ஒன்பதரை மணிக்குக் குடும்பமாகப் போயிருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து மனைவி முன்னால் தனியாக நடந்திருக்கிறார், மாமனாரும் தம்பியும் நூறு அடி பின்னால். தெருவில் மூன்று விளக்கு எரியவில்லையாம். பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா யார் எவர் என்று விசாரித்து, ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதைக் குடிப்பதற்கு முன்னால் தம்பியின் மனைவி, "இது காவேரித் தண்ணியாங்க, போர் தண்ணியாங்க?" என்று கேட்டாராம். வாரத்துக்கு ஒருமுறை காவேரி, மற்ற நாள் போர் என்று பதில்.

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. தண்ணீரைப் பரிசோதனைக்கு ஒரு பாட்டிலில் பிடித்து வந்திருக்கிறார்கள்.